சத்தம் போடாத வால்வு

உங்கள் வண்டியில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறது ஐயா. வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்புவதற்குள் எனக்குக் கேட்டுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது சிலிண்டரில் புகை வெளியே போகிற வால்வின் டேப்பட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அரை மணி நேர வேலைதான். ஆனால் என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூட்டில் டேப்பட் வைத்தால் அளவு தப்பிவிடும். வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போனால் நாளைக் காலையில் பார்த்துத் தருவேன். நாளைக் காலையில் நான் இங்கே இருப்பேனா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள், அதற்கு ஒரு கால் குட்டை. இந்தப் பழைய கார் சீட்டில் உட்காருங்கள். உறை எப்படி இருக்கிறது பாருங்கள். பாப்பா தைத்தது. ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிசிறாது.

நீங்கள் கேட்க வந்ததைக் கேளுங்கள், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது நாளாக எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தனியாக இருக்கும்போது சிரித்துக்கொள்கிறேன். நேற்று ஒரு வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டே பாட்டுப் பாடினேன், வண்டிக்காரர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். பாப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து ஒன்பது நாள் ஆகிறது ஐயா, அதுதான் காரணம்.

பாப்பா என் தங்கை. முப்பத்திரண்டு வயது, ஆனாலும் பாப்பாதான். அவளுக்கு ஆறு வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். எனக்குப் பதினேழு. ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு பெரிய டயரைப் படுக்கப் போட்டு, அதற்குள் அவளை உட்காரவைத்துவிட்டு வேலை செய்வேன். மதியச் சாப்பாட்டு டப்பாவை அந்த டயரின் மேல் வைத்துத்தான் இரண்டு பேரும் சாப்பிடுவோம். பிறகு இந்த இடத்தை நானே எடுத்து நடத்தினேன். பின்னால் என்ஜின் வேலை, முன்னால் அவளுடைய தையல் மெஷின். கார் சீட்டுக்கு உறை தைப்பாள். என் சுத்தியல் ஒரு பக்கம், அவள் மெஷின் ஒரு பக்கம். இருபத்தாறு வருஷம் ஒரே கூரை ஐயா. அண்ணன் தங்கை யாராவது இப்படி இருந்து பார்த்திருக்கிறீர்களா?

எனக்கு இந்தப் பக்கம் 'காது' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "போய்க் காதுகிட்ட காட்டு" என்பார்கள். ஒரு பெரிய திருப்புளியின் முனையை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். எட்டு வால்வு இருந்தால் எட்டும் எட்டு குரலில் பேசும். வால்வை அமுக்குகிற இரும்புக் கைக்கும் வால்வின் தலைக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி இருக்க வேண்டும், அதைக் கூட்டிக் குறைக்கிற திருகுதான் டேப்பட். இடைவெளி கூடிப்போனால் கை வந்து தலையில் தட்டும், டிக் டிக் என்று கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு நிறையப் பேர் பயந்துவிடுவார்கள். உண்மையில் அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை.

இடைவெளி இல்லாமல் போனால்தான் ஆபத்து. அப்போது சத்தமே வராது. வண்டி பூப்போல ஓடும். ஆனால் சூடு ஏற ஏற இரும்பு நீளும், வால்வு முழுசாக மூடாமல் நிற்கும், அந்தச் சந்தில் நெருப்புப் புகுந்து ஓரத்தைத் தின்றுவிடும். வண்டிக்கு இழுவை போய்விடும். பாப்பாவுக்குப் பத்து வயதில் இதைச் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்சம் சத்தம் போடுகிற வால்வு பத்திரமானது, சத்தமே போடாத வால்வைக் கண்டால் உஷாராக இரு என்றேன். கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு தடவை சொன்னால் மறக்க மாட்டாள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது ரொம்பச் சுலபம், பொறுமைதான் வேண்டும். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். பெல்ட்டைக் கழற்று, சத்தம் நிற்கிறதா? இல்லை. முதல் சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கு, நிற்கிறதா? இல்லை. இரண்டாவது. மூன்றாவது. எது விலகும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். பாப்பா கைதட்டிக்கொண்டு, "ஆள் மாட்டிக்கிட்டான், ஆள் மாட்டிக்கிட்டான்" என்று குதிப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் மணி பார்க்கிறீர்கள்.

பத்தொன்பது வயதில் அவளுக்கு வெளியூரில் ஒரு தையல் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். கிளம்புகிற வாரம் நான் ஏணியிலிருந்து விழுந்தேன். மூன்று மாதம் காலில் கட்டு. கூட இருந்து எல்லாம் அவள்தான் பார்த்தாள், படிப்பு போனது போனதுதான். காலில் ஒன்றும் இல்லை ஐயா. கட்டு நானே போட்டுக்கொண்டது. ராத்திரியில் கால் மரத்துப்போகும், அவிழ்த்து உதறிவிட்டு மறுபடி கட்டிக்கொள்வேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது. இதை நீங்கள் எழுத வேண்டியதில்லை, அது எனக்கும் அந்த ஏணிக்கும் நடுவில் இருக்கிற விஷயம்.

போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். சீட்டு உறை தைக்கக் கொடுக்க வந்து, உறை தயாரான பிறகும் தினம் வந்துகொண்டிருந்தார். ஒல்லியான ஆள். பேசும்போது நம் கண்ணையே பார்ப்பார். எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொள்வேன். பிறகுதான் தெரிந்தது, நமக்குக் கண்ணாடி தேவையா என்று பார்க்கிறார். நல்ல மனுஷன். இதை நீங்கள் அழுத்தமாக எழுத வேண்டும், எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது. சொந்தபந்தம் என்று யாரும் இல்லாத ஒண்டியாள். கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் சரி என்றேன்.

பத்து மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு கடிதம் வந்தது. மலைமேல் இருக்கிற ஊரில் ஒரு கண் ஆஸ்பத்திரி, அங்கே மாப்பிள்ளைக்கு வேலை. தங்குவதற்கு வீடு தருகிறார்கள். பக்கத்திலேயே ஒரு தையல் பள்ளி, அதில் பாப்பாவுக்கு டீச்சர் வேலை. இருபத்தைந்தாம் தேதிக்குள் வந்து சேரவேண்டும், இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பாப்பா அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு இதோ இந்த இடத்தில், ஆயில் கறைக்கு நடுவில், ஒரு சுற்று ஆடினாள். "அண்ணா, என்னை டீச்சர்னு கூப்பிடப் போறாங்க" என்றாள்.

என்னையும் கூப்பிட்டாள். இல்லை என்று சொல்லமாட்டேன்.

"நீயும் வந்துடு அண்ணா. அங்க மட்டும் வண்டி ஓடாதா, ரிப்பேர் ஆகாதா?"

"ஒர்க்ஷாப்பை யாரு பாக்கறது பாப்பா?" என்றேன்.

நான் அவளோடு போய் இருப்பது வேறு, அவள் என்னோடு இருப்பது வேறு. உங்களுக்குத் தங்கை இருந்தால் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையிடம் ஒரு பழைய நீலக் கார் இருந்தது, நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன், நாலு சிலிண்டர், எட்டு வால்வு. சனிக்கிழமை காலை அவர்கள் கடைக்குப் போயிருந்தார்கள். என்ஜின் மூடியைக் கழற்றி, மூன்றாவது சிலிண்டரில் ஒரு டேப்பட்டைக் கால் சுற்று தளர்த்தினேன். கை பரபரத்தது ஐயா. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரின் சாக்பீஸை ஒளித்து வைத்தபோது வந்த அதே குஷி. மூடியைப் போட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

மாலையில் மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். எடுத்த வேகத்தில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

"மச்சான், என்னமோ டிக் டிக்குங்குது."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே மாப்பிள்ளை."

இதைச் சொல்லும்போது என் உதட்டைக் கடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் சிரித்திருப்பேன். காது என்று பெயர் வாங்கியவனுக்குக் கேட்கவில்லையாம். பிறகு திருப்புளியை வைத்துக் கேட்டு, உச்சுக் கொட்டி, முகத்தைத் தொங்கப்போட்டு, "இந்தச் சத்தத்தோட மலை ஏறக்கூடாது" என்றேன். அவ்வளவுதான், பயணம் தள்ளிப்போயிற்று.

அந்த வாரம் இருக்கிறதே, அடடா. மாப்பிள்ளை தினமும் வேலை முடிந்ததும் நேரே வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். ஒரு ரப்பர் குழாயைக் கொடுத்துக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னேன். வெள்ளைச் சட்டையோடு என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "நெஞ்சு துடிக்கிற மாதிரி இருக்கு மச்சான்" என்றார். "நெஞ்சுதான் மாப்பிள்ளை, அவசரப்பட்டா ஆகுமா?" என்றேன். பெல்ட்டைக் கழற்றினேன், மாட்டினேன். ஒயரைப் பிடுங்கினேன், மாட்டினேன். கண்டுபிடிக்க நாலு நாள் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் மூன்று பேரும் சீட்டாடினோம். பாப்பா என்னை மூன்று ஆட்டம் தோற்கடித்து, என் மூக்கில் கிளிப் மாட்டிவிட்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

வெள்ளிக்கிழமை சத்தத்தைச் சரிசெய்தேன். சனிக்கிழமை இரண்டாவது சிலிண்டரில் ஒன்றைத் தளர்த்தினேன்.

"என்ன அண்ணா இது," என்றாள் பாப்பா. "போன வாரம் மூணாவது, இந்த வாரம் ரெண்டாவது. உன் வால்வெல்லாம் முறை போட்டுக்கிட்டுச் சத்தம் போடுதா?"

"பழைய வண்டி பாப்பா."

"அப்ப பஸ்ல போயிடறோம்."

"தையல் மெஷினை? தலையில வெச்சுக்கிட்டா?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு வாரம் கிடைத்தது. ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கி மாட்டினேன். எதற்கு இப்போது என்று கேட்டாள், சும்மாதான் என்றேன். மூன்றாவது வாரம் நாலாவது சிலிண்டர். இருபத்தைந்தாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கெஞ்சுவது பக்கத்து அறையிலிருந்து எனக்குக் கேட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு நாள்தானே, அதைத் தாண்டிவிட்டால் அந்த வேலை போய்விடும், பழையபடி எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கேதான் பாப்பா ஒரு காரியம் செய்தாள். எனக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெரு மெக்கானிக்கிடம் போய்க் காட்டியிருக்கிறாள். அந்த ஆளுக்கு ஆயிலுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனாலும் அன்றைக்குச் சரியாகச் சொல்லிவிட்டான். டேப்பட் சத்தம்தான், ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போங்கள் என்று சொல்லியிருக்கிறான். அவள் திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். கோபம் இல்லை. சண்டை போட்டிருந்தால் நான் அழுது சமாளித்திருப்பேன்.

"அண்ணா, நாளைக்குக் கிளம்பறோம். சத்தம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"நாளைக்கா?"

"மாசாமாசம் வந்து பாத்துட்டுப் போறேன். மூஞ்சிய அப்படி வெச்சுக்காதே."

இரண்டு நிமிஷம் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்புறம் ஒரு யோசனை வந்தது பாருங்கள், உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இத்தனை நாள் சத்தத்தை வைத்து அவளை நிறுத்தினேன். சத்தத்தை எடுத்துவிட்டால் என்ன?

"சத்தத்தோட ஏன் போகணும்?" என்றேன். "நான் சத்தமே இல்லாம பண்ணித் தரேன்."

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். என்ஜின் ஜில்லென்று இருந்தது. புகை போகிற வால்வுகளில் இரண்டை, இடைவெளி என்கிற பேச்சுக்கே இடமில்லாமல் இறுக்கினேன். ஒரு தப்பு அளவு வைப்பதற்கும் கைநேர்த்தி வேண்டும் ஐயா. அதிகம் இறுக்கினால் தெருமுனையிலேயே திணறும். நான் வைத்த அளவுக்கு, ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. பாரம் ஏற்றி, வெயிலில், மூன்று மணி நேரம் விரட்டிய பிறகுதான் வால்வு மூடாமல் நிற்கும். மலையடிவாரத்தைத் தாண்டி, இரண்டாவது வளைவிலோ மூன்றாவது வளைவிலோ வண்டி படுத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நான் போய்க் கட்டி இழுத்து வருவேன். தேதி தாண்டிப்போகும். இதைவிட மென்மையாக ஒரு காரியத்தை யாரால் செய்ய முடியும்?

ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். மெஷினை மேலே கட்டி, பின்சீட்டு நிறைய மூட்டை. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க காது இல்லேன்னா என்ன பண்ணியிருப்போம் மச்சான்" என்றார். கண் கலங்கியிருந்தது. என்ஜினைப் போட்டார். பூப்போல ஓடியது. பாப்பா கதவைத் திறந்து ஏறப் போனவள் நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ரொம்ப அமைதியா இருக்கே அண்ணா."

"அமைதியாத்தானே இருக்கணும்?"

"கொஞ்சம் சத்தம் போட்டாத்தான் பத்திரம்னு சொல்வியே."

"அது பழைய வண்டிக்கு."

"இதுவும் பழைய வண்டிதானே."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாப்பிள்ளை உள்ளிருந்து, "ஏறும்மா, வெயில் ஏறிடும்" என்றார். அண்ணன் பொய் சொல்வானா என்று அவளே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பாள். ஏறி உட்கார்ந்து, தெரு திரும்புகிற வரைக்கும் கையாட்டிக்கொண்டே போனாள்.

பத்தரை மணிக்கு, நின்றுபோன வண்டியைக் கட்டி இழுக்கிற ரெக்கவரி வண்டிக்காரருக்குப் போன் செய்து, இன்றைக்கு மலைப் பக்கம் ஒரு வேலை வரும், வெளியே எங்கும் போய்விடாதீர்கள் என்று சொல்லிவைத்தேன். அவர் போலீஸ் ஸ்டேஷனில் வந்து சொல்லித்தானே நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள்? வண்டி நிற்பதற்கு முன்னாலேயே எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். இப்படித்தான் தெரிந்தது. பிறகு வீட்டுக்குப் போய்ப் பெருக்கினேன், பாப்பாவின் கட்டிலுக்குத் தோய்த்த விரிப்புப் போட்டேன், சமைத்தேன். வாய் ஓயாமல் பாடிக்கொண்டிருந்தேன் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். தட்டுகளை எடுத்து வைத்தேன். இரண்டு தட்டுதான் வைத்திருந்தேன். மூன்று பேர் ஆயிற்றே, ஏன் இரண்டு வைத்தேன் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். பழக்கதோஷமாக இருக்கும்.

பதினொன்றே முக்காலுக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார். மலையடிவாரத்து ஊரில் நிறுத்தியிருந்தார்.

"மச்சான், வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஆனா சத்தம் கித்தம் ஒண்ணும் இல்ல. எதிர்ல ஒரு ஒர்க்ஷாப் இருக்கு, காட்டட்டுமா?"

கணக்கில் கொஞ்சம் பிசகிவிட்டது, வண்டியில் நான் நினைத்ததைவிடப் பாரம் அதிகம். அங்கே மூடியைத் திறந்தால் எவனுக்கும் தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் சரிசெய்து அனுப்பிவிடுவான். சாயங்காலத்துக்குள் பாப்பா மலைமேல் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

"வேண்டாம் மாப்பிள்ளை. கண்டவங்க கையில குடுக்காதீங்க. சத்தம்தான் இல்லையே, அப்புறம் என்ன? உள்ள அடைப்பு இருக்கும். நல்லா மிதிச்சு ஏத்துங்க, எரிஞ்சு போயிடும்."

பாப்பா போனை வாங்கினாள்.

"அண்ணா, நிஜமாப் போலாமா?"

"போ பாப்பா. நான் சொல்றேன்ல."

பின்னால் என்ஜின் ஓடுகிற சத்தம் எனக்குப் போனில் கேட்டது. நாலு சிலிண்டரில் இரண்டுதான் வேலை செய்துகொண்டிருந்தது, அதுகூடக் கேட்டது ஐயா. "சரி அண்ணா" என்றாள். அவள் பேசிக் கடைசியாக நான் கேட்டது அதுதான்.

மூன்றாவது வளைவைத் தாண்டி ஒரு லாரி ஊர்ந்துகொண்டு போயிருக்கிறது. மாப்பிள்ளை நான் சொன்னபடி நன்றாக மிதித்து, அதைத் தாண்டுவதற்காக வெளியே எடுத்திருக்கிறார். பாதியில் இழுவை போய்விட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மேலேயிருந்து பஸ் இறங்கியது. அடி அவர் பக்கம். ஒன்றும் தெரிந்திருக்காது என்றார்கள், எனக்கு அது ஆறுதலாக இருந்தது. பாப்பா பிழைத்தாள். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நாற்பது நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் வீடு.

எழுதிக்கொள்ளுங்கள். வால்வை இறுக்கியது நான். ஒர்க்ஷாப்பில் காட்டாதே என்று சொன்னது நான். மிதி என்று சொன்னது நான். ஆனால் கொன்றது என்று எழுதாதீர்கள். மலை, லாரி, பஸ், இத்தனையும் நடுவில் இருக்கிறது. நான் செய்தது பாப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தது மட்டும்தான், அவள் வந்துவிட்டாள். வந்தபோது அதே பழைய அறை, பழைய கட்டில், புதுத் திரை. நான்தான் ஊட்டுகிறேன், நான்தான் தலை சீவிவிடுகிறேன். டயருக்குள் உட்கார்ந்திருந்த பாப்பா திரும்பக் கிடைத்துவிட்டாள் என்றே தோன்றுகிறது. காலையில் எழுந்து அவள் கதவைத் தள்ளிப் பார்க்கும்போது நெஞ்சு துள்ளுகிறது ஐயா, பொய் சொல்லவில்லை.

பேசுவதில்லை, அது ஒரு குறைதான். தொண்டையில் ஒன்றும் இல்லை, பேசத் தோன்றும்போது பேசுவாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் அவசரம் இல்லை.

உங்களோடு வரச் சொன்னால் வருகிறேன். நாலு மணிக்கு அவளுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு வந்தால் போதுமா? பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு வருகிறேன். உங்களிடம் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பாப்பா ஆள்காட்டி விரல் நகத்தால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். டிக், டிக், டிக். ஒரே சீராக, தளர்ந்த டேப்பட் மாதிரியே. கண் மட்டும் என்மேல் இருக்கும். நரம்புக் கோளாறா என்று கேட்டேன், கையில் எந்தக் கோளாறும் இல்லை என்கிறார் டாக்டர்.

ஒன்பது நாளாக இதற்குக் காரணம் தேடுகிறேன். எனக்குத் தெரிந்த வழியில்தான். ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். மின்விசிறியை நிறுத்தினேன், நிற்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றினேன். திரையை எடுத்தேன். மாப்பிள்ளை படத்தை எடுத்து வேறு அறையில் வைத்தேன். கட்டிலைக்கூட மாற்றிப் பார்த்தேன், புதுக் கட்டிலிலும் தட்டுகிறாள். அக்காவைக் கேட்டால், தான் இருக்கும்போது அப்படி எதுவும் தட்டவில்லையே, நிம்மதியாகத் தூங்குகிறாளே என்கிறார். அக்கா சொல்வதும் உண்மைதான். நான் வெளியே வந்து கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன், ஒரு சத்தமும் இருக்காது. உள்ளே காலை வைத்தால் ஆரம்பித்துவிடும்.

இத்தனை வருஷத்தில் காரணம் பிடிபடாத சத்தம் இது ஒன்றுதான் ஐயா. அந்த அறையில் விலக்கிப் பார்க்க இனி எதுவும் மிச்சம் இல்லை.